குழாய்க்குப் பொன்னாடை

தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையும். ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள், யாரும் மறுப்பதில்லை. ஆனால் சிட்னி நார்த்மீட்டில் இருக்கும் எங்கள் செந்தமிழ்ச் சோலை மன்றத்தில், போன ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், செயற்குழுவின் ஒப்புதல் இல்லாமலே தண்ணீர் உறைந்துவிட்டது. வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

என் பெயர் கிருஷ்ணசாமி. பரமட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. மன்றத்துக்கு நான் செயலாளர். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. செயற்குழுவில் மொத்தம் ஏழு பேர். அதில் நான்கு பேர் துணைத் தலைவர் பதவிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்கள். கடிதம் எழுதும் வேலை யாருக்கும் வேண்டாததால் என் தலையில் விழுந்தது.

மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் உண்டு. ஓடைக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஊரில் இருக்கிற குளிரெல்லாம் உருண்டு வந்து அங்கேதான் படுக்கும். மண்டபத்தின் பின்னால் ஒரு குசினி. அந்தக் குசினிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய இரும்புக் குழாய் மூன்று மீட்டர் தூரம் வெளிச்சுவரில் அம்மணமாக ஓடுகிறது. அதுவும் தெற்குச் சுவரில். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் மண்டபத்தைக் கட்டிய பெரியவர்கள், நம் ஊரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து அடிக்குமே, குழாய் சூடாக இருக்கட்டும் என்று யோசித்து அங்கே மாட்டினார்களாம். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலத்தில் அந்தச் சுவர் ஒரு நாள்கூட வெயிலைக் கண்டதில்லை. பாசி மட்டும் செழிப்பாக இருக்கிறது.

அந்தக் குசினியை வாரநாட்களில் வாடகைக்கு எடுத்துச் சமைத்தவர் பாலேஸ்வரி அக்கா. அகதியாகப் படகில் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, விசா இன்னும் தற்காலிகம்தான். விடியற்காலை நாலரைக்கு வந்து சமைப்பார். சாயங்காலம் போய் ஆபீஸ்களில் தரை துடைப்பார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அப்போதுதான் அவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வென்ட்வேர்த்வில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நம் ஆட்கள் நிறைய. மத்தியானச் சாப்பாடு அறுபது பார்சல், பதினொரு மணிக்குள் வந்துவிட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி இருபது வேலைநாள் சோதனை. ஒரு நாள் தவறினாலும் கதை முடிந்தது. தவறாவிட்டால் சாப்பாட்டு ஓடர் நிரந்தரம், தரை துடைக்கும் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

சோதனையின் முதல் வாரம் முடிந்த திங்கட்கிழமைதான் குழாய் உறைந்தது. அக்கா குழாயைத் திறந்தார், காற்றுக்கூட வரவில்லை. பெட்ரோல் ஸ்டேஷனுக்கு ஓடி, தண்ணீர் போத்தல்களாக வாங்கி வந்து, அன்றைய சாப்பாட்டை எப்படியோ கொடுத்துவிட்டார். மறுநாள் வீட்டிலிருந்து வாத்துப் படம் போட்ட ஒரு பழைய குளியல் துவாயைக் கொண்டுவந்து குழாயைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, டேப் ஒட்டினார். ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு தண்ணீர் ஒழுங்காக வந்தது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்துவிட்டால் அப்புறம் மன்றம் எதற்கு?

எங்கள் தலைவர் இரத்தினசிங்கம் அங்கிள். கொழும்பில் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர். ஒரு தாளைக் கண்டால் இரண்டு பிரதி எடுக்காமல் தூங்க மாட்டார். அந்தச் சனிக்கிழமை மண்டபத்தைச் சுற்றி வந்தபோது வாத்துத் துவாய் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவசரக் கூட்டம் கூடியது. அக்காவும் அழைக்கப்பட்டார். கதிரை கொடுத்து உட்கார வைத்தோம், மரியாதையில் குறை வைக்கவில்லை.

"பிள்ளை, மன்றத்தின்ர கட்டிடத்தில நீங்க ஒரு மாற்றம் செய்திருக்கிறியள்" என்றார் தலைவர்.

"துவாய் சுத்தினனான் ஐயா. தண்ணி உறைஞ்சு போச்சு."

இந்த இடத்தில் ராகவேந்திரா லேப்டாப்பைத் திறந்தான். இவன் மன்றத்தின் இடர் மேலாண்மை அதிகாரி. அப்படி ஒரு பதவி மன்றத்தில் முன்பு இருந்ததில்லை. அவன் ஆபீஸில் எல்லாருக்கும் இருக்கிறது என்று சொன்னான், நமக்கு மட்டும் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று உண்டாக்கினோம்.

"அக்கா, உறைஞ்சதுன்னு நீங்க சொல்றீங்க. டேட்டா அப்படிச் சொல்லலையே. அன்னிக்கு வானிலை நிலையத்துல குறைந்தபட்சமே ஒன்று புள்ளி எட்டு. அந்த டெம்பரேச்சர்ல தண்ணி உறையாது."

"அப்ப குழாய்க்குள்ள கல்லு மாதிரி இருந்தது என்ன தம்பி?"

"அதை இன்னும் நாங்க கிளாசிஃபை பண்ணலை."

கூட்டக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: 'மேற்படி குழாயினுள் தண்ணீர் அல்லாத ஒரு நிலைமை நிலவியதாக வாய்மொழியாக முறையிடப்பட்டது.' எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

துவாயை அகற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. அனுமதியில்லாத மாற்றம், பொருத்தமில்லாத வாத்து. அகற்றிய துவாயைச் சாட்சிப்பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டி, மேலே தேதி எழுதி ஒட்டினோம். அக்கா துவாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டதெல்லாம் நியாயம்தான், அதுதான் சிக்கல்.

ஹார்ட்வேர் கடையில் குழாய்க்குப் போடுகிற நுரைக் கவசம் கிடைக்கும், வாங்கி நானே மாட்டிவிடட்டுமா என்றார். கட்டிடத்தில் எதை மாட்டுவதானாலும் லைசென்ஸ் உள்ள பிளம்பர் மாட்ட வேண்டும், மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்றான் ராகவேந்திரா. கேட்டுப் பார்த்தோம். மூன்று பேரும் அக்டோபரில்தான் வர முடியும் என்றார்கள். அக்டோபரில் குளிர் போய்விடுமே என்றேன். குளிர் இல்லாத நேரத்தில் செய்வதுதான் வேலையாளுக்குப் பாதுகாப்பு என்று பதில் வந்தது.

சரி, இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக விடலாமா, ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாதே என்றார் அக்கா. 'ஒவ்வொரு துளியும் உயிர்' என்று குசினிச் சுவரில் நாங்களே போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே தண்ணீரைச் சொட்ட விட்டால் மன்றத்தின் மானம் என்னாவது? மறுக்கப்பட்டது.

அப்படியென்றால் வேலை முடிந்ததும் மெயின் வால்வை மூடி, குழாயில் இருக்கிற தண்ணீரை வடித்துவிட்டுப் போகிறேன் என்றார். வால்வு தரைமட்டத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதை மூடக் குனிய வேண்டும். மன்ற வளாகத்தில் வேலை நிமித்தம் குனிகிறவர்கள் முறையாகக் குனியும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று ராகவேந்திரா ஒரு ஆவணத்தை எடுத்துக் காட்டினான். அதில் தலைவர் கையெழுத்தே இருந்தது. தினமும் தரை துடைக்கிற பெண்ணிடம் குனிவதற்குச் சான்றிதழ் கேட்டோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் கடவுள் புண்ணியத்தில் மேகமூட்டம், உறைபனி இல்லை. அக்கா தினமும் பயந்து பயந்து வந்து குழாயைத் திறந்தார். இருபது நாளில் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை அவர் எனக்குப் போன் செய்தார். ஞாயிறு இரவு மைனஸ் இரண்டு போகுமாம், ஏதாவது செய்யுங்கள் தம்பி, இந்த ஒரு நாள் தப்பினால் போதும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலையே கூட்டம் கூட்டினேன். அந்தக் கூட்டத்தில் நான்தான், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த யோசனையைச் சொன்னேன்.

மன்றத்து அலமாரியில் நாற்பத்தொரு பொன்னாடைகள் இருந்தன. விழாவுக்கு வருகிறவர்களுக்குப் போர்த்துவோம், படம் எடுத்ததும் அவர்கள் கழற்றிவிடுவார்கள், பாதிப் பேர் மறந்து விட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்தவை. நல்ல தடிப்பான ஜரிகைத் துணி. பொன்னாடை கட்டிடப் பொருள் இல்லை, மாட்ட வேண்டியதில்லை, போர்த்தினால் போதும். இதற்குப் பிளம்பர் லைசென்ஸ் தேவையில்லை அல்லவா என்று கேட்டேன்.

ராகவேந்திரா லேப்டாப்பில் தேடினான், தடை எதுவும் கிடைக்கவில்லை. முகம் வாடிவிட்டது. ஆனால் தலைவர் மன்றத்தின் சட்டதிட்டமான யாப்பைப் புரட்டினார். பதினான்காம் பிரிவு: மன்றத்தின் பொன்னாடை, பாராட்டுக்குரிய ஒருவருக்கு, விழா மேடையில், தலைவரால் மட்டுமே போர்த்தப்படும்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து நின்றார்.

"அப்ப கௌரவிப்பம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு விழா. நான்கே நாளில் ஏற்பாடு. நுரைக் கவசத்துக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டிய ஊரில் ஃபிளெக்ஸ் பேனர் ஒரே நாளில் வந்தது. குழாயின் படத்துக்குப் பின்னால் ஒளிவட்டம். 'முப்பத்தோரு ஆண்டுகள் ஓய்வறியாது ஓடிய உத்தமர்' என்று வாசகம். 'நீர்வழிச் செம்மல்' என்று பட்டம். உத்தமர் என்பதா, உத்தமம் என்பதா என்று ஒரு துணைத் தலைவர் கேட்டார். மரியாதையில் தவறினாலும் கூடுதலாகவே தவறுவோம் என்றார் தலைவர்.

தெற்குச் சுவர் ஓரம் மேடை போட்டோம். நூற்றைம்பது பேர் பட்டிலும் வேட்டியிலும் வந்து குளிரில் நடுங்கினார்கள். யாருக்கு விழா என்று சிலர் கேட்டார்கள், வடை உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு துணைத் தலைவர் குழாயின் இளமைப் பருவத்தைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் நாற்பது சிலைடு காட்டினார். வழக்கமாக எல்லா விழாவுக்கும் வருகிற உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், வெள்ளைக்காரர், கழுத்தில் மாலையோடு வந்து 'வணக்கம்' என்றார், கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. கையில் ஒன்றுமில்லாமல் இந்த நாட்டுக்கு வந்து, வாய் திறந்து ஒரு குறை சொல்லாமல் உழைத்து, இந்தச் சமூகத்துக்குத் தன்னையே கொடுத்த ஒருவரைக் கௌரவிப்பதில் பெருமை அடைகிறேன் என்று ஆங்கிலத்தில் பேசிவிட்டு அடுத்த விழாவுக்குப் போனார். யாருக்கு விழா என்றே கேட்காமல் இவ்வளவு பொருத்தமாகப் பேசுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

நடுவில் டீ கேட்கக் குசினிக்குள் போனேன். விழாவுக்கு டீ போட வந்திருந்த பாலேஸ்வரி அக்கா, அங்கே இருந்த பெரிய பானை, அண்டா, சோறு வடிக்கிற குண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். என்ன அக்கா இது என்றேன். சும்மா என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, இண்டைக்கு இரவு நல்ல குளிராம். போர்த்தினதை ஆரும் கழட்டாமப் பாத்துக்கொள்ளுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்ல."

மன்றம் பார்த்துக்கொள்ளும் அக்கா என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. ஒன்று போதும் என்பது என் எண்ணம். தலைவர் போர்த்தினால் நாங்கள் என்ன தக்காளித் தொக்கா என்று துணைத் தலைவர்கள் நால்வரும் முறைத்தார்கள். தலைவர் கையைத் தொட்டுக்கொண்டு செயற்குழுவில் ஆளுக்கு ஒன்று போர்த்தலாம் என்று யாப்புக்கு உட்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆக ஏழு பொன்னாடை. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஜரிகை மின்ன, மூன்று மீட்டர் குழாயும் கல்யாண மாப்பிள்ளையாக நின்றது. ஒரு அங்குலம் இரும்பு வெளியே தெரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எந்தப் பிளம்பரும் இவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டான்.

படம் எடுத்தார்கள். இன்னொன்று என்றார்கள், எடுத்தார்கள். எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்கள் என்றார்கள், பார்த்தோம்.

படம் எடுத்து முடிந்ததும் என்ன செய்வோம்? ஆயிரம் விழாவில் செய்ததைத்தான் செய்தோம். அங்கிளின் கை தானாக நீண்டு முதல் பொன்னாடையைக் கழற்றியது, நான்காக மடித்தது. பக்கத்தில் நின்ற துணைத் தலைவர் அடுத்ததைக் கழற்றினார். விருந்தினர் கழுத்தில் பொன்னாடை அரை நிமிஷத்துக்கு மேல் இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும் என்கிற பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. மடித்ததை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. விருந்தினர் கையில் கொடுக்க வேண்டும், இவருக்குக் கை இல்லை. யாப்பின் பதினைந்தாம் பிரிவில் விடை இருந்தது: பாராட்டுப் பெறுபவர் நேரில் வாங்க இயலாத நிலையில், அவர் சார்பில் செயற்குழு பெற்றுக்கொள்ளும். ஏழு பேர், ஏழு பொன்னாடை. கணக்குச் சரியாக இருந்தது. எனக்குப் பச்சை. வாங்கும்போது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குள் சுடச்சுட வடை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு என் போன் அடித்தது.

"தம்பி, குழாய் வெடிச்சிட்டுது. ஒருக்கா வாங்கோ" என்றார் அக்கா. அவ்வளவுதான். ஒரு சத்தமில்லை, அழுகையில்லை.

மன்ற வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு, கையில் அகப்பட்டதைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று உறைபனி. தெற்குச் சுவரில் குழாய் நீளவாக்கில் வாய் பிளந்து கிடந்தது. ஒளிவட்டம் போட்ட பேனரெல்லாம் நனைந்து தொங்கியது. தண்ணீர் நின்றிருந்தது. அக்காவே பெட்டியைத் திறந்து, குனிந்து, வால்வை மூடியிருந்தார். சான்றிதழ் இல்லாமல்தான்.

குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அண்டாவில் பாதித் தண்ணீர் இன்னும் மிச்சம் இருந்தது. முதல் நாள் நாங்கள் மேடையில் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் பிடித்து வைத்த தண்ணீர்.

ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் வந்தார், துணைத் தலைவர்கள் நால்வரும் வந்தார்கள், ராகவேந்திரா காரை விட்டு இறங்கும்போதே போனைப் பார்த்து, வானிலை நிலையத்தில் பூஜ்ஜியம் புள்ளி ஆறு என்றுதான் காட்டுகிறது, இந்த டெம்பரேச்சரில் குழாய் வெடிக்க வாய்ப்பில்லை என்றான். வெடித்த குழாயைச் சுற்றி நின்றோம். அங்கிள் தொண்டையைக் கனைத்து, நடந்ததற்கு யார் பொறுப்பு என்பதை ஆராய உடனடியாக ஒரு உபகுழு அமைக்க வேண்டும் என்றார்.

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். எங்களை வரிசையாகப் பார்த்தார். மெதுவாக, ஒருவர் விடாமல் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நானும் திரும்பிப் பார்த்தேன்.

அங்கிள் தலையையும் காதையும் சுற்றி முண்டாசாகக் கட்டியிருந்தது சிவப்புப் பொன்னாடை. ஒரு துணைத் தலைவர் தோளில் நீலம். ஒருவர் இடுப்பில் மஞ்சள். ராகவேந்திரா லேப்டாப்பைக் குளிர் படாமல் சுற்றி வைத்திருந்தது ஊதா. என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பச்சை.

"ஏழும் இருக்கு" என்றார் அக்கா. "குழாய் போனாப் போகட்டும். செயற்குழு உறையேல்ல, அது போதும்."

உள்ளே போய்ச் சோற்றை வடித்தார். பத்தரைக்கு அறுபது பார்சலும் வண்டியில் ஏறிவிட்டன. ஓடர் நிரந்தரமானது, அவருடைய சாமர்த்தியத்தால், எங்களால் அல்ல. அந்த வாரமே மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிட்கம் பக்கம் வேறு ஒரு குசினி பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது துவாயைக் கேட்டார். சாட்சிப்பொருளைத் திருப்பித் தர விண்ணப்பம் வேண்டும் என்று தலைவர் சொன்னார். பரவாயில்லை, வாத்து உங்களோடேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். ஒரு ஏழைப் பெண்ணை இப்படியா நடத்துவது என்று விழாவில் வடை தின்ற நூற்றைம்பது பேரும் கேட்டார்கள். செய்த தவறுக்குப் பரிகாரம் தேட வேண்டும் என்று ஒருவர் எழுந்து கண்கலங்கப் பேசினார். என்ன பரிகாரம் என்று இரண்டு மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம் ஆனது: பாலேஸ்வரி அவர்களுக்கு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவது.

அழைப்பிதழைக் கொண்டுபோனது நான்தான். லிட்கம் குசினியில் புதுக்குழாய் ஒன்று சுவரோரம் போனது. அதில் பழைய போர்வை ஒன்றைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். அழைப்பிதழைக் கடைசி வரை வாசித்தார். சிரித்தார்.

"வாறன் தம்பி. ஆனா ஒண்டு, போர்த்தினா நான் கழட்ட மாட்டன். அப்பிடியே வீட்ட கொண்டு போவன். சொல்லிப்போடுங்கோ."

வந்து சொன்னேன். தலைவர் யோசனையில் ஆழ்ந்தார். படம் எடுத்த பிறகும் கழற்றாத விருந்தினர் பற்றி யாப்பில் எந்தப் பிரிவும் இல்லை. ராகவேந்திரா இதில் உள்ள இடர்களைப் பட்டியல் போட்டான், பதினேழு வந்தது. நிபந்தனையை ஏற்பதா வேண்டாமா என்று ஆராய ஒரு உபகுழு அமைத்திருக்கிறோம். அமைப்பாளர் நான். பதினொரு முறை கூடிவிட்டோம், இன்னும் முடிவு வரவில்லை. அடுத்த ஜூலையும் வந்துவிட்டது. மண்டபத்தில் தண்ணீர் இல்லாததால் கூட்டம் என் வீட்டுக் கராஜில்தான் நடக்கிறது. அங்கே குளிர் தாங்காது. ஆனால் பச்சைப் பொன்னாடை நல்ல சூடு, கூட்டம் முடிகிற வரைக்கும் நான் அதைக் கழற்றுவதே இல்லை.